தறிவீட்டில் ஒரு பாட்டரி

காட்பாடியிலிருந்து விழுப்புரம் செல்லும் ரயில் பாதையில் ஆரணி ரோடு என்று பலகை தாங்கி நிற்கும் நிலையம் இருப்பது ஆரணியில் அன்று, களம்பூரில். அரிசி ஆலைகளாலும் பட்டுத் தறிகளாலும் பிழைக்கும் இந்த ஊர்ப்பக்கத்துச் சிறு வீடுகளில், தறி நிற்கும் கூடமே இரவில் படுக்கும் இடமாகவும், அதை ஒட்டிய சிறு தடுப்பே சமையற்கட்டாகவும் அமைந்துவிடுவது உண்டு. 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டு ஊர்கள் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தபோது, சரிகை ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் விளக்கு அணைந்தால் அறுந்த இழையைத் தேடி முடியவும் இயலாது என்ற நிர்ப்பந்தத்தால், இன்வர்ட்டரும் அதற்குத் துணையாக ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு பாட்டரியும் இத்தகைய வீடுகளுக்குள் குடிபுகுந்தன. மின்வெட்டு குறைந்தது, பாட்டரி மட்டும் கூடத்து மூலையில் தங்கிவிட்டது.

மேல்நாட்டார் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் சிறு பயணவண்டியில் படுக்கை, அடுப்பு, விளக்கு, பாட்டரி ஆகிய நான்கும் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருப்பதால், அவர்கள் அந்தப் பாட்டரியைப் பற்றி மிகுந்த ஜாக்கிரதை கொள்கிறார்கள். களம்பூர்க் கூடத்துக்குச் சக்கரம் இல்லை என்பதைத் தவிர இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாதலால், அங்கே பொருந்தும் விதிகள் அனைத்தும் இங்கேயும் பொருந்தும்.

பாட்டரியை மின்சாரம் நிரப்பி வைக்கும் ஒரு தொட்டியாக நாம் எண்ணிக்கொள்கிறோம். எல்லாப் பிழைகளுக்கும் இந்த எண்ணமே மூலகாரணம். அதனுள் மின்சாரம் தங்குவதில்லை. நீர் கலந்த கந்தக அமிலத்தில் ஈயத் தகடும் ஈய டை ஆக்ஸைடுத் தகடும் அமிழ்ந்திருக்கின்றன. விளக்கை எரிக்கும்போது இரு தகடுகளும் ஈய சல்பேட்டாக மாற, அமிலம் வலுக்குறைந்து நீராகிக்கொண்டே போகிறது. மின்னேற்றும்போது சல்பேட்டு மறைந்து, ஈயமும் ஆக்ஸைடும் அமிலமும் தத்தம் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. போன வழியே திரும்பி வரக்கூடிய இந்த ரசாயன மாற்றமே பாட்டரியின் ஜீவன். அதில் நேரும் கேடுகளையும் அபாயங்களையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து பார்த்தால், திரும்பி வர இயலாத ஏதோ ஒன்று நிகழ்ந்துவிட்ட இடத்திலேயே அவை தொடங்குவதைக் காணலாம்.

1859-இல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாந்தே இச்சாதனத்தை முதன்முதல் அமைத்தபோது, இரண்டு ஈயத் தகடுகளுக்கு நடுவே துணியை வைத்துச் சுருட்டி அமிலத்தில் அமிழ்த்தினார். இன்று வீடுகளில் வைக்கும் டியூபுலர் பாட்டரியிலும் துணிக்கு வேலை இருக்கிறது. அதன் நேர்மின் தகடு, பாலியெஸ்டர் இழையால் ஆன மெல்லிய குழாய்களின் வரிசை. அக்குழாய்களுக்குள் அடைத்த ஈயப்பொருள் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கியும் உதிர்ந்துபோகாமல் அத்துணிச் சுவர் தாங்கிக்கொள்கிறது. கார் பாட்டரிக்கு இந்த வலிமை கிடையாது. எஞ்சினைக் கிளப்பும் சில விநாடிகளுக்குப் பெருமின்னோட்டம் கொடுப்பதற்கென்று மெல்லிய தகடுகளால் ஆன அதை மலிவாகக் கிடைக்கிறதென்று இன்வர்ட்டரில் மாட்டினால், சில மாதங்களில் அது ஓய்ந்துவிடும்.

திரும்ப இயலாத மாற்றங்களில் முதலாவது பட்டினியால் வருவது. தகட்டில் படிந்த சல்பேட்டு புதிதாக இருக்கும்வரை மின்னேற்றத்துக்கு இணங்கிக் கரையும். பாதி இறங்கிய பாட்டரியை நாள்கணக்கில் அப்படியே விட்டுவைத்தால் அது கெட்டிப் படிகமாகிப் பிறகு எதற்கும் அசையாது. ஆகையால் எவ்வளவு எடுக்கலாம் என்ற கணக்கு அவசியம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் பாட்டரியில் மொத்தம் 1,800 வாட்-மணி, அதாவது மின்வாரிய மீட்டரின் கணக்கில் இரண்டு யூனிட்டுக்கும் குறைவான சக்தியே உண்டு; பாதிக்கு மேல் எடுக்காமல் நிறுத்துவது அதன் ஆயுளுக்கு நல்லது. ஒரு மின்விசிறியும் இரண்டு எல்.இ.டி. விளக்குகளும் நூறு வாட் கேட்டால், இன்வர்ட்டரில் வீணாவதையும் சேர்த்துச் சுமார் பத்து ஆம்பியர் செலவாகும். ஏழரை மணி நேரத்தில் பாதி தீரும். அதை மீட்க, பாட்டரிக் கொள்ளளவின் பத்தில் ஒரு பங்கான 15 ஆம்பியர் வீதம் ஏற்றுவது உசிதம். ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிட வேண்டுமே என்று தோன்றும்; ஆனால் கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும் என்பதால் எட்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். முழுதும் ஏறிச் சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் பாட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி.

இரண்டாவது கேடு, அளவுக்கு மீறி ஊட்டுவதால் வருவது. மின்னழுத்தம் 14.4 வோல்ட்டை நெருங்கும்போது, மாற்றுவதற்குச் சல்பேட்டு போதாமல், உட்செல்லும் மின்சாரம் அமிலத்திலுள்ள நீரையே ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்கத் தொடங்குகிறது. நல்ல சார்ஜர் இவ்விடத்தில் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து, முடிவில் 13.5 வோல்ட்டை ஒட்டிய அளவில் பாட்டரியைக் காத்து நிற்கும்; கட்டுப்பாடற்ற பழைய சார்ஜரோ கொதிக்கவிட்டுக்கொண்டே இருக்கும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்க. சமையல் எரிவாயு கசிந்தால் தரையில் தங்கும். ஹைட்ரஜனோ மிக இலேசானதால் நேரே கூரைக்கு ஏறும். எனவே பாட்டரி இருக்கும் மூலைக்குச் சன்னல் மட்டும் இருந்தால் போதாது, அதற்கு மேலே கூரையை ஒட்டி ஒரு திறப்பும் வேண்டும். பூஜை விளக்கும் அடுப்பும் அதன் பக்கத்தில் இருத்தல் ஆகாது. மிதமிஞ்சி ஏறிச் சூடான பாட்டரியிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வருமானால் அது ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு. உடனே மின்னேற்றத்தை நிறுத்தி அறையைத் திறந்துவிட வேண்டும். நெசவாளருக்கு இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு: சரிகையில் பொன்முலாமின் அடியில் இருப்பது வெள்ளி, வெள்ளியைக் கறுக்கச் செய்வது இவ்வாயுவின் சுபாவம்.

இவ்வாறு பிரிந்து போன நீரை மீண்டும் ஊற்றுவதொன்றே நாம் ஈடுசெய்யக்கூடிய இழப்பு. ஒவ்வொரு மூடியின் நடுவிலும் உள்ள மிதவை, சிவப்புக் கோட்டுக்கு இறங்கியதும் தண்ணீர் கேட்கிறது என்று அறியலாம். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புகள் தகட்டைக் கெடுக்குமாதலால், வடித்தெடுத்த நீரைத் தவிர வேறொன்றும் கூடாது. ஆவியாவது நீரே, அமிலம் அன்று என்பதால் அமிலத்தை ஒருபோதும் சேர்க்கலாகாது. மின்னேற்றி முடித்த பின் ஊற்றுவதே முறை. முன்னதாகவே நிறைத்துவிட்டால், ஏறும்போது விரிந்து அமிலம் வழியும். மேலே பூத்திருக்கும் வெண்ணிறப் படிவைச் சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, உலர்ந்தபின் டெர்மினலில் வாசலின் பூச வேண்டும். தெறித்த துளி கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது ஓயாமல் நீரால் கழுவிவிட்டு வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

12 வோல்ட் தொட்டால் அதிர்ச்சி தராது என்பதால் பலரும் இதை அலட்சியமாகக் கையாளுகிறார்கள். ஒரு ஸ்பானர் தவறி இரு டெர்மினல்களுக்கும் குறுக்கே விழுந்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாய்ந்து, இரும்பு நொடியில் செந்தழலாகும். வளையலுக்கும் தாலிச்சங்கிலிக்கும் அதே கதிதான். குனிந்து மூடியைத் திறக்குமுன் அவற்றைக் கழற்றுவதோ துணிக்குள் செருகுவதோ அவசியம். கழற்றும்போது எதிர்மின் கம்பி முதலில், மாட்டும்போது அது கடைசியில்; நேர்மின் கம்பியில் பாட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும். வெப்பத்தையும் மறக்கலாகாது: சூடு பத்து டிகிரி ஏறினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் விதி. கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழ் பாட்டரியை வைப்பது பணத்தை வெயிலில் காயவைப்பதே.

இப்போது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரிகளும் வந்துவிட்டன. 1997-இல் டெக்ஸாஸில் ஜான் குடினஃபின் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த இப்பொருளுக்கு வழிகாட்டிய முந்தைய ஆராய்ச்சியில் பங்குகொண்டவர், தென்தமிழ்நாட்டில் பிறந்து மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம். 2019-இல் குடினஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்காக ஸ்டாக்ஹோமில் உரை நிகழ்த்தியவரும் இவரே. இவ்வகைக்கு நீர் ஊற்ற வேண்டியதில்லை. நூற்றுக்கு எண்பது வரை எடுக்கலாம். ஆயினும் ஈயப் பாட்டரிக்கான சார்ஜரை இதில் மாட்டுவதும், உப்பிய அல்லது அடிபட்ட பெட்டியை வீட்டில் வைத்திருப்பதும் தீயை அழைப்பதாகும்.

இறுதியில், எப்படிப் பேணினாலும் பாட்டரி ஒருநாள் ஓயும். ஓய்ந்தபின் அதன் ஈயம் அப்படியே இருக்கிறது. உருக்கிச் சுத்தம் செய்தால் மீண்டும் பாட்டரியாகக்கூடியது. அதற்குரிய வசதியும் அனுமதியும் உள்ள ஆலைக்குச் சேர வேண்டும் என்பதால், புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுப்பது சரியான வழி. தயாரிப்பாளர்கள் அதைத் திரும்பப் பெற்றுச் சேர்ப்பிக்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளும் கடமை விதிக்கின்றன. பத்து ரூபாய் கூடக் கிடைக்கிறதென்று கொல்லைப்புறத்தில் உடைத்து உருக்குபவரிடம் கொடுத்தால், அந்தப் புகையும் தூசியும் தெருவில் விளையாடும் குழந்தைகளின் இரத்தத்தில் சேர்ந்து மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். அந்தச் சேதத்தை மீட்கும் சார்ஜர் எதுவும் இல்லை.