திருகாணியும் எலும்பும்

கோவில்பட்டிச் சுற்றுப்புறத்துக் கரிசற்காட்டில் எருது கட்டும் முளையைக் காணாதார் இலர். மழைக்குப்பின் ஈரம் சுவறி இறுகிய மண்ணில் உறுதியாய் நிற்கும் முளை, சித்திரை வெயிலில் வெடித்த மண்ணில் அவ்வாறு நிற்பதில்லை. எருது அதனை நேரே மேல்நோக்கிப் பிடுங்குவதுமில்லை. பக்கவாட்டில் இழுத்திழுத்துக் குழியை அகலமாக்கிய பின்னரே முளை கழல்கின்றது. முதுகெலும்பில் மருத்துவர் செலுத்தும் திருகாணியின் இயல்பும் ஏறக்குறைய இதுவே.

முள்ளெலும்பு ஒவ்வொன்றும் புறத்தே மெல்லிய கெட்டி ஓடும், அகத்தே கடற்பஞ்சுபோலக் கண்ணறைகளும் உடையது. அதன் முற்பகுதியையும் பின்வளைவையும் இரு காம்புகள் இணைக்கின்றன. இக்காம்புகளின் வழியே திருகாணி செலுத்தும் முறையைப் பிரெஞ்சு மருத்துவர் ராய்-கமீல் 1963-இல் கையாளத் தொடங்கினார். ஆணிகளைக் கம்பியால் பிணைப்பது, எலும்போடு எலும்பு பொருந்தி ஒன்றாகும்வரை அசையாதிருத்தற்பொருட்டேயாம். அதற்குச் சில மாதங்கள் வேண்டும். அதற்குள் ஆணி தளர்ந்தால் முயற்சி வீணாகும்.

நல்ல எலும்பில் ஆணியின் மரைகள் கண்ணறைச் சுவர்களைக் கவ்விக்கொள்ளும். பிடிப்பிற் பெரும்பங்கு காம்பினிடத்தது. ஆணியினும் சற்றுச் சிறிய துளையிட்டால் எலும்பு நெருங்கி இறுகும் என்பது தச்சரும் அறிந்ததே. எலும்புப்புரை கண்டவர்க்கோ, குறுக்குச் சட்டங்கள் உளுத்துதிர்ந்த கூரைபோல உட்சுவர்கள் அற்று, மரை கவ்வுதற்குப் பொருளின்றிப் போகின்றது. நடக்குந்தோறும் ஆணி மேலும் கீழும் அசைந்து தன் குழியைத் தானே அகலப்படுத்தும். பருத்த ஆணி இடலாமே எனின், அளவு மிஞ்சினால் காம்பு பிளந்து, அருகிலுள்ள தண்டுவடத்துக்கும் நரம்புக்கும் கேடாம். காசநோய் அரித்த முதுகெலும்பின் செய்தி வேறு: ஆங்குப் பழுது ஓரிடத்தது, மேலும் கீழுமுள்ள நல்லெலும்புகளில் ஆணியைப் பற்றவைத்தல் இயலும்.

கன்மலை வீட்டையும் மணல் வீட்டையும் ஓய்வுநாட் பள்ளியிற் கேட்டு வளர்ந்த எமக்கு, எலும்பு அவ்விரண்டும் அன்று, காலத்தால் மாறும் கரிசலே என்பது வியப்பாயிற்று. கரிசல் நிலத்துக் கட்டடங்களுக்கென ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் அடி பருத்த தூண்களை வகுத்தனர். முனை விரியும் ஆணிகளும் அத்தகைய சூழ்ச்சியே. துளையுடைய ஆணிவழியே எலும்புச் சிமெண்டு செலுத்துதலும் உண்டு. ஆயின் அது கசிந்து தண்டுவடப் புழையிலோ, இரத்தக்குழாய் வழியாக நுரையீரலிலோ புகுதல் கூடும். மிகுதியான முள்ளெலும்புகளில் ஆணியிட்டுச் சுமையைப் பகிர்தலும், அறுவைக்கு முன்னரே மருந்தால் எலும்பை வலுப்படுத்தலும் பிற வழிகள்.

ஆணியின் விலையை வினவுவார் பலர். எலும்பின் நிலையை வினவுவார் சிலரே. தலைச்சுமை தூக்கிக் கூன் விழுந்த நம் பாட்டிமாரைக் கண்டு, முதுமை என்று சொல்லி ஒழிகின்றோம். அக்கூனிற் பல, வலியும் பெரிதாய்த் தோன்றாமல் முள்ளெலும்பு நசுங்கியதன் விளைவு. டெக்ஸா என்னும் கதிர்ச்சோதனை எலும்பின் அடர்த்தியை அளக்கும். இளையோரின் சராசரிக்கு 2.5 படியோ அதற்கு மேலுமோ தாழ்ந்தால் எலும்புப்புரை என்பது 1994-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. முதியோர் முதுகில் வளர்ந்த எலும்பு முட்கள் அவ்வளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டுமாதலின், இடுப்பெலும்பையும் உடன் அளப்பர்.