கோடு ஒன்று, தரை மூன்று

ஜூன் மாதக் கடைசியில் விம்பிள்டன் பந்தயங்கள் தொடங்கிவிட்டால் நம் மட்டாஞ்சேரி வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் இரண்டு கேள்விகள் தவறாமல் எழும். "பந்து அந்தப் பக்கக் கோட்டுக்குள்தானே விழுந்தது, ஏன் அவுட் என்கிறார்கள்?" என்பது ஒன்று. "பாரிஸில் 14 முறை ஜெயித்த நடால் விம்பிள்டனில் இரண்டே முறைதானே ஜெயித்தார், ஏன்?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை கோடுகளில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை தரையில் இருக்கிறது. டென்னிஸ் பார்க்கிறவர்களுக்கும், பிள்ளைகளைப் பழக அனுப்ப நினைக்கிற பெற்றோருக்கும் இவ்விரண்டும் தெரிந்திருப்பது நல்லது என்று எண்ணியே இதை எழுதுகிறேன்.

ஆறரை சென்ட் நிலம்

நம் ஊரில் நிலத்தை சென்ட் கணக்கில் சொன்னால்தான் மனதில் நிற்கும். டென்னிஸ் களத்தின் நீளம் 78 அடி. இருவர் மட்டும் ஆடும் ஒற்றையர் ஆட்டத்துக்கு அகலம் 27 அடி. நால்வர் ஆடும் இரட்டையர் ஆட்டத்துக்கு 36 அடி. அதாவது கோடுகளுக்கு உட்பட்ட இடம் ஏறக்குறைய ஆறரை சென்ட். ஆனால் பந்தைத் துரத்தி ஓடப் பின்னாலும் பக்கத்திலும் இடம் வேண்டுமே! அதையும் சேர்த்து 120 அடிக்கு 60 அடி என்பது வழக்கமான அளவு. அது பதினாறரை சென்ட்.

இரு பக்கமும் நாலரை அடி அகலத்தில் நீளவாக்கில் ஓடும் பட்டைகளைக் கவனித்திருப்பீர்கள். அவை இரட்டையர் ஆட்டத்துக்கு மட்டுமே சேர்த்தி. ஒற்றையர் ஆட்டத்தில் அங்கே விழுந்தால் அவுட். முதல் கேள்விக்கு இதுதான் பதில்.

வலை நடுவில் 3 அடி உயரம்; கம்பத்தருகே மூன்றரை அடி. நடுவில் ஆறு அங்குலம் தாழ்ந்திருப்பதால்தான் ஆட்டக்காரர்கள் மூலைக்கு மூலையாக, வலையின் நடுவுக்கு மேலாகப் பந்தை அடிக்க விரும்புகிறார்கள். வலையிலிருந்து 21 அடி தள்ளி இருப்பது சர்வீஸ் கோடு. அதற்கும் வலைக்கும் இடைப்பட்ட பரப்பை நடுக்கோடு இரண்டு கட்டங்களாகப் பிரிக்கிறது. சர்வீஸ் போடுகிறவர் எதிர்ப்பக்கத்தில் தமக்குக் குறுக்கே உள்ள கட்டத்தில் பந்தை விழவைக்க வேண்டும். பந்து கோட்டைத் தொட்டாலே போதும், உள்ளே விழுந்ததாகவே கணக்கு.

கோடு போடுகிறவர்களுக்கு

காலி மனையில் தாங்களே கோடு போட விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு குறிப்பு. நீளமும் அகலமும் சரியாக இருந்தும் களம் கோணலாக அமைந்துவிடலாம். வீடு கட்டும் கொத்தனார் மூலை மட்டம் பார்ப்பதுபோல நீங்களும் பார்க்க வேண்டும். வலைக்கு ஒரு பக்கத்துப் பாதிக் களத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டையர் அளவில் அது 39 அடிக்கு 36 அடி. அதன் குறுக்களவு 53 அடி 1 அங்குலம் வரவேண்டும். ஒற்றையர் அளவில் 47 அடி 5 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். இரண்டு குறுக்களவுகளும் சமமாக வந்தால் மூலைகள் நேராக உள்ளன என்று பொருள். களத்தின் நீளம் வடக்கு தெற்காக இருக்கட்டும். கிழக்கு மேற்காகப் போட்டால் காலையில் ஒருவருக்கும் மாலையில் மற்றவருக்கும் வெயில் கண்ணில் அடிக்கும்.

மூன்று தரைகள்

உலகெங்கும் கோடுகளின் அளவு ஒன்றே. தரை மட்டும் ஒன்றல்ல.

முதலாவது மண் தரை. பாரிஸில் உள்ளது களிமண் கோர்ட் என்று சொல்லப்பட்டாலும், மேலே தெரிவது சுட்ட செங்கல்லைப் பொடித்துத் தூவிய மெல்லிய படலம். நம் நாட்டில் செம்மண் தரைகளும், சாணம் மெழுகிய தரைகளும் இருந்திருக்கின்றன. மண் தரை பந்தைப் பிடித்து நிறுத்துகிறது. பந்து வேகம் குறைந்து உயரமாக எழும்புகிறது. ஓங்கி அடித்த பந்தையும் எதிராளி ஓடிப்போய் எடுத்துவிடுவார். ஆகவே இங்கே பொறுமைக்கும் கால்பலத்துக்கும் மதிப்பு அதிகம். பந்து விழுந்த தடம் மண்ணில் பதிவது தனி வசதி.

இரண்டாவது புல் தரை. விம்பிள்டனில் 8 மில்லிமீட்டர் உயரத்துக்குப் புல்லை வெட்டிப் பராமரிக்கிறார்கள். புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாகப் பாயும். யோசிக்க நேரம் கிடைக்காது. பலமான சர்வீஸும், வலைக்கு முன்னேறி ஆடும் துணிவும், மென்மையான கையும் உள்ளவருக்கு அது ஏற்றது. பராமரிப்புச் செலவும் இதற்குத்தான் அதிகம்.

மூன்றாவது கெட்டித் தரை. காங்கிரீட் அல்லது தார்த் தளத்தின்மேல் அக்ரிலிக் பூச்சு பல அடுக்காகப் பூசப்படுகிறது. பூச்சில் கலக்கும் மணலைப் பொறுத்து வேகம் கூடும், குறையும். பந்து ஒரே சீராக எழும்புவதால் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு வசதி. ஆனால் முழங்காலும் கணுக்காலும் அதிர்ச்சியைத் தாங்கவேண்டும். அமெரிக்க ஓப்பன் 1974 வரை புல்லிலும், 1975 முதல் 1977 வரை மண்ணிலும் நடந்தது. 1978 முதல் கெட்டித் தரையில் நடக்கிறது. ஜிம்மி கானர்ஸ் அந்த மூன்று தரைகளிலும் பட்டம் வென்றவர். ஆஸ்திரேலிய ஓப்பன் 1988-இல் புல்லை விட்டுக் கெட்டித் தரைக்கு மாறியது.

1987 கற்றுத்தந்த பாடம்

தரை என்ன செய்யும் என்பதற்கு நம்மவர்களின் கதையே சான்று. ராமநாதன் கிருஷ்ணன் பிறந்தது 1937-இல், அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த நாகர்கோவிலில். 1954-இல் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தை வென்றார். ஆசியர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல் தடவை. 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். அவர் மகன் ரமேஷ் 1979-இல் அதே இளைஞர் பட்டத்தை வென்றார். தந்தை, மகன் இருவரின் பெயரும் ஓங்கியது புல் தரையில். அடியின் வேகத்தைவிட நயத்தை நம்பி ஆடியவர்கள் அவர்கள்.

1987 டேவிஸ் கோப்பை அரையிறுதியில் இந்தியா சிட்னியில் ஆஸ்திரேலியாவைச் சந்தித்தது. தரை புல். இரண்டுக்கு இரண்டு என்ற நிலையில் கடைசி ஆட்டத்தில் ரமேஷ், வாலி மசூரைத் தோற்கடித்து இந்தியாவை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார். அந்த இறுதிப் போட்டி டிசம்பரில் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் நடந்தது. எந்தத் தரை என்று தீர்மானிக்கும் உரிமை சொந்த ஊர்க்காரர்களுக்கு உண்டு. அவர்கள் உள்ளரங்கத்துக்குள் மண் தரையைப் போட்டார்கள். இந்தியா ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்றது. ஸ்வீடன் வலுவான அணி என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் அக்டோபரில் வென்ற ரமேஷும் விஜய் அமிர்தராஜும் டிசம்பருக்குள் ஆட்டத்தை மறந்துவிடவில்லை. அவர்கள் காலடியில் இருந்த தரை மாறியிருந்தது.

நம் ஊர் மழையும் தரையும்

இடவப்பாதியும் துலாவர்ஷமும் கொட்டித் தீர்க்கும் கொச்சியில் தரையைத் தேர்ந்தெடுக்கும்போது மழையைத்தான் முதலில் நினைக்கவேண்டும். மண் தரை மழைக்காலத்தில் பல நாள் சேறாகவே கிடக்கும். மழை நின்றபின் உருளை ஓட்டிச் சமப்படுத்த ஆள் வேண்டும். கெட்டித் தரை சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், ஆனால் தண்ணீர் தேங்காமல் இருக்கவேண்டும். அதற்கு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஒரே வாட்டமாக, 10 அடிக்கு 1 அங்குலம் சரிவு கொடுப்பார்கள். பாசி நமக்கு இன்னொரு எதிரி. வெட்டுக்கல் முற்றத்தில் மழைக்காலத்தில் வழுக்கி விழுந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடிக்கடி தேய்த்துக் கழுவாத கோர்ட்டில் பிள்ளைகளை ஓடவிடாதீர்கள். மண் தரைக்கு மீன்முள் போன்ற வரிகள் உள்ள அடிப்பாகம் கொண்ட காலணியும், கெட்டித் தரைக்குக் குதிகாலில் நல்ல மெத்தை உள்ள காலணியும் வாங்குங்கள்.

"இடம் ஏது?"

எங்கள் சந்தில் ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒருத்தி இருக்கிறாள். சென்ற வருடம் அவள் தந்தை ஒரு கிளப்பில் விசாரித்தார். உறுப்பினர் கட்டணத்தைக் கேட்டதும் திரும்பி வந்துவிட்டார். "நமக்கெல்லாம் இது சரிப்படாது சார், பதினாறு சென்ட் இடம் மட்டாஞ்சேரியில் யாரிடம் இருக்கிறது?" என்று என்னிடம் வருத்தப்பட்டார். பஜார் வீதிகளின் நெருக்கத்தைப் பார்த்தால் அவர் சொன்னது நியாயமாகத்தான் படும்.

ஆனால் பதினாறு சென்ட் பெரியவர்களுக்கான கணக்கு. சிறுவர்களுக்கென்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு வேறு கணக்கு வைத்திருக்கிறது. ஆரம்பப் படிக்கு ஏறக்குறைய 36 அடி நீளமும் 18 அடி அகலமும் உள்ள சிறு களம் போதும். வலை இரண்டரை அடிக்குச் சற்று மேல். பந்து சிவப்பு நிறம்; வழக்கமான மஞ்சள் பந்தைவிட 75 சதவீதம் வேகம் குறைந்தது. அடுத்த படியில் ஆரஞ்சுப் பந்தும் 60 அடிக் களமும். அதற்கடுத்துப் பச்சைப் பந்தும் முழுக் களமும். 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மஞ்சள் பந்தைப் பயன்படுத்துவதில்லை என்று விதியே உண்டு.

36 அடிக்கு 18 அடி என்பது ஒன்றரை சென்ட். சுற்றிலும் ஓட இடம் விட்டாலும் மூன்று சென்ட்டுக்குள் அடங்கிவிடும். இஞ்சி உலர்த்திய பழைய பண்டகசாலை முற்றங்கள், கல்யாண மண்டபங்களின் முன்வெளி, நம் சங்கக் கட்டிடத்தின் முற்றம் என்று இந்த அளவு இடம் நம்மிடமே இருக்கிறது. சுண்ணாம்புத் தூளும் ஒரு கயிறும் இருந்தால் அரை மணியில் களம் தயார்.

கடந்த மூன்று மாதமாக ஞாயிறு காலைகளில் சங்க முற்றத்தில் அப்படித்தான் செய்து வருகிறோம். அந்தக் குழந்தையும் இன்னும் ஆறு பேரும் வருகிறார்கள். பந்தை எதிர்ப்பக்கக் கோட்டுக்குள் பத்து முறை தொடர்ந்து அனுப்பப் பழகிவிட்டார்கள். முற்றத்தின் கிழக்குப் பகுதியில் தளம் பெயர்ந்து கிடக்கிறது. பந்து அங்கே தாறுமாறாக எழும்புகிறது. மழைக்கு முன்பு அதைச் சரிசெய்ய நிர்வாகக் குழு மனம் வைக்கவேண்டும். பழைய ராக்கெட்டுகள் வீட்டில் சும்மா கிடந்தால் அன்பர்கள் கொடுத்து உதவலாம். ஏழு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறோம்.