முதலில் மட்டம், அப்புறம்தான் மோட்டார்! வீட்டுப் பட்டறையில் சி.என்.சி. ரவுட்டர் செய்வது எப்படி?

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போயிருக்கீங்களா? ஆடு வாங்க வருகிறவர் கழுத்து மணியையும் கொம்பில் பூசிய சாயத்தையும் பார்த்து மயங்க மாட்டார். பல்லைப் பார்ப்பார், முதுகைத் தடவிப் பார்ப்பார், அப்படியே கையில் தூக்கி எடை பார்ப்பார். அதற்குப் பிறகுதான் விலையே பேசுவார்.

சி.என்.சி. ரவுட்டர் செய்ய ஆசைப்படுகிறவர்களும் அந்த வியாபாரியிடம்தான் பாடம் படிக்கணும். ஏன்னா, இதில் காசை விடுகிற பலர், பளபளக்கிற மோட்டாரையும் ஸ்பிண்டிலையும் முதலில் வாங்கிவிட்டு, கடைசியில்தான் ஃப்ரேமைப் பற்றி யோசிக்கிறார்கள்.

அது என்ன மெஷின்?

கம்ப்யூட்டரில் வரைந்த டிசைனை மரத்தில் அப்படியே செதுக்கித் தருகிற மெஷின்தான் சி.என்.சி. ரவுட்டர். வேகமாகச் சுழலும் ஒரு கட்டர், இடம் வலமாக, முன்னும் பின்னுமாக, மேலும் கீழுமாக மூன்று திசையில் நகரும். எங்கே போகணும், எவ்வளவு ஆழம் வெட்டணும் என்பதை 'ஜி-கோடு' என்கிற கட்டளை வரிகள் சொல்லும்.

எண்களைக் கொண்டு இயங்கும் மில்லிங் மெஷினை அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1952-ல் இயக்கிக் காட்டியது. அன்றைக்கு அதன் கன்ட்ரோல் பெட்டியே அலமாரி அலமாரியாக இருந்தது. 2009-ல் நார்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட், 'ஜி.ஆர்.பி.எல்.' என்ற இலவச மென்பொருளை உருவாக்கினார். உள்ளங்கை அளவு ஆர்டுயினோ போர்டிலேயே அது ஓடும். பட்டறைக்குள் இந்த மெஷின் நுழைய அதுதான் கதவைத் திறந்துவிட்டது.

நம்ம பக்கத்துக்கு ஏன்?

போச்சம்பள்ளி சிப்காட்டில் ஓலா எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஆலை இருக்கிறது. ஓசூர் பக்கம் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய பட்டியலே உண்டு. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பிள்ளைகள் ஷிப்டுக்குப் போய் லட்சங்கள் பெறுமானமுள்ள மெஷின்களை ஓட்டுகிறார்கள். ஆனா, பீஸைப் போடு, கதவைச் சாத்து, பச்சை பட்டனை அழுத்து என்பதோடு பலருக்கு வேலை முடிந்துவிடுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று காட்ட அங்கே யாருக்கும் நேரமில்லை.

இன்னொரு பக்கம், "இந்த டிசைனெல்லாம் வெளியூருக்கு அனுப்பித்தான் போடணுங்க, ஒரு வாரம் ஆகும்" என்று ஊர் ஆசாரி சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். மெஷின் தெரிந்த பையனும் மரம் தெரிந்த ஆசாரியும் ஒரே தெருவில்தான் இருக்கிறார்கள். இருவரையும் சேர்த்துவைக்க ஒரு பைக் வாங்குகிற அளவு முதலீடு போதும். அந்தக் காசு வீணாகாமல் இருக்கணும்னா, வேலையைச் சரியான வரிசையில் செய்யணும்.

1. அளவை முடிவு செய்யுங்கள்

முழுக் கதவையே படுக்கவைத்துச் செதுக்கணும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஆனா, நீளம் கூடக் கூட ஃப்ரேமின் வளைவும் செலவும் ஏறும். கதவின் டிசைன் பலகைகள் பெரும்பாலும் தனித்தனியாகச் செய்து சட்டத்தில் பொருத்தப்படுபவைதான். அதனால் முதல் மெஷினுக்கு 600 x 900 மில்லிமீட்டர் வேலைப்பரப்பு தாராளம்.

2. ஃப்ரேமில் கஞ்சத்தனம் வேண்டாம்

கனமான இரும்புச் சதுரக் குழாயை நம்ம ஊர் வெல்டிங் பட்டறையிலேயே இணைத்துக்கொள்ளலாம். ஆனா, வெல்டிங் சூட்டில் இரும்பு இழுத்துக்கொள்ளும். ஒரே மூச்சில் அடிக்காமல், மூலைக்கு ஒரு பொட்டு வைத்து, மாற்றி மாற்றி வெல்டு போடச் சொல்லுங்கள். ரெயில் உட்காரும் இரண்டு பரப்பையும் ஆறிய பிறகு மெஷின் ஷாப்பில் கொடுத்து மட்டம் எடுத்துவிடுவது நல்லது. வெல்டிங் வேண்டாம் என்றால் அலுமினிய ப்ரொஃபைலை போல்ட் போட்டு இணைக்கலாம். செலவு கூடும், ஆனா திருத்துவது சுலபம்.

3. மூலைமட்டம் பாருங்கள்

வீட்டுக்கு முளை அடிக்கும்போது மேஸ்திரி 3-க்கு 4-க்கு 5 பார்ப்பாரே, அதே கணக்குதான். மெஷின் ஓடத் தொடங்கியதும் 300 x 400 மில்லிமீட்டர் செவ்வகத்தின் நான்கு மூலையிலும் துளை போடச் சொல்லுங்கள். இரண்டு மூலைவிட்டமும் 500 மில்லிமீட்டர் வரணும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால், மேலே குறுக்காக ஓடும் பாலம் கோணலாக இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது ஸ்பிண்டில். அதில் டயல் கேஜைக் கட்டி, கையால் ஒரு சுற்று சுற்றி, மேடையின் நாலு பக்கமும் ஒரே அளவு காட்டுகிறதா என்று பாருங்கள். ஸ்பிண்டில் சாய்ந்திருந்தால் வெட்டிய இடம் வழவழப்பாக இருக்காது, மீன் செதில் மாதிரி படிப்படியாகத் தெரியும்.

4. இப்போதுதான் மோட்டார்

'நேமா 23' ஸ்டெப்பர் மோட்டார், அதற்கேற்ற டிரைவர், 5 மில்லிமீட்டர் பிட்ச் உள்ள 1605 பால் ஸ்க்ரூ என்பது பலரும் பயன்படுத்தும் கூட்டணி. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் போகும். டிரைவரில் அதை 8 ஆகப் பிரித்தால் 1,600. ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்வதால், 1,600-ஐ 5-ஆல் வகுத்தால் 320. அதாவது, ஒரு மில்லிமீட்டருக்கு 320 ஸ்டெப். இந்த எண்ணைத்தான் மென்பொருளில் பதிக்கணும்.

கணக்குப்படி ஒரு ஸ்டெப் என்பது சுமார் 0.003 மில்லிமீட்டர். கேட்கவே பிரமாதமாக இருக்கிறது, இல்லையா? ஆனா ஃப்ரேம் அரை மில்லிமீட்டர் வளைந்தால் அந்தத் துல்லியத்துக்கு என்ன மரியாதை? மட்டத்துக்கு முதலிடம் கொடுத்தது இதனால்தான்.

5. கரன்ட்டோடு விளையாடாதீர்கள்

ஸ்பிண்டிலை ஓட்டும் வி.எஃப்.டி. பெட்டியில்தான் பலர் காசைக் கரியாக்குகிறார்கள். 24,000 ஆர்.பி.எம். ஸ்பிண்டில் பெரும்பாலும் 400 ஹெர்ட்ஸில் ஓடுவது. பெட்டியில் 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கான செட்டிங் இருந்து, அதை மாற்றாமல் ஓட்டினால் காயில் எரிந்துவிடும். ஸ்பிண்டிலோடு வரும் தாளைப் பார்த்து எண்களைப் போட்ட பிறகே சுவிட்சைத் தொடுங்கள். அணைத்த பிறகும் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் கரன்ட் தேங்கி நிற்கும், உடனே மூடியைத் திறக்க வேண்டாம்.

தனி லைன், ஒழுங்கான எர்த், கைக்கு எட்டும் தூரத்தில் சிவப்பு எமர்ஜென்சி பட்டன், இந்த மூன்றும் இல்லாமல் ஓட்டவே கூடாது. மோட்டார் ஒயரையும் லிமிட் சுவிட்ச் ஒயரையும் ஒன்றாகக் கட்டினால் மெஷின் காரணமே தெரியாமல் நடுவில் நிற்கும். பிரித்து ஓட்டுங்கள்.

6. முதல் வெட்டு மாமரத்தில்

தேக்கில் கைவைக்க அவசரப்படாதீர்கள். நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காய்ப்பு நின்று வெட்டிய மாமரத்துக்கா பஞ்சம்? நன்கு காய்ந்த மாம்பலகையில் பழகுங்கள். இரண்டு வெட்டு முனை உள்ள 6 மில்லிமீட்டர் கட்டர், 12,000 ஆர்.பி.எம்., ஒரு முனை ஒரு சுற்றுக்கு 0.1 மில்லிமீட்டர் என்று வைத்தால், நிமிடத்துக்கு 2,400 மில்லிமீட்டர் வேகம் வரும். முதலில் அதில் பாதி வேகத்தில், 2 மில்லிமீட்டர் ஆழத்தில் தொடங்குங்கள். துருவல் துருவலாக விழுந்தால் சரி. மாவாகக் கொட்டி, கருகின வாசனை வந்தால், ஆர்.பி.எம்.மைக் குறையுங்கள் அல்லது நகரும் வேகத்தைக் கூட்டுங்கள். மெதுவாக ஓட்டுவது எப்போதும் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், கட்டர் தேய்ந்து சூடாவது அதனால்தான்.

கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். கையுறை கூடவே கூடாது, கட்டர் இழுத்துவிடும். தோளில் துண்டு போடும் பழக்கம் இருந்தால் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வாருங்கள்.

கடைசியாக...

முதல் மாதம் மெஷின் வெட்டியதைவிட நீங்கள் திருத்தியதுதான் அதிகமாக இருக்கும். சலிப்பு வரும். ஆனா ஒவ்வொரு திருத்தத்திலும், தொழிற்சாலையில் மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பது என்ன என்று ஒரு பாடம் கிடைக்கும். அடுத்த வாரம் ஷிப்டில் அங்கே பீஸ் அளவு தப்பும்போது, "சார், ஸ்க்ரூவுல பேக்லாஷ் இருக்கும்னு நினைக்கிறேன்" என்று முதலில் சொல்பவர் நீங்களாக இருக்கலாம்.

செதுக்கிய பலகையை ஊர் ஆசாரியிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் டிசைனைப் பார்க்கும் முன்னாடி மூலைமட்டத்தை எடுத்துத்தான் வைத்துப் பார்ப்பார். அதில் தேறிட்டீங்கன்னா, உங்க மெஷின் தேறிட்டதுன்னு அர்த்தம்!