பனங்கிழங்கு தோண்டும் பருவம்

சிவகாசி வட்டாரத்துச் சிற்றூர்களில் தீபாவளி கழிந்ததும் பட்டாசு ஆலைகளில் வேலை சில வாரம் ஓய்ந்திருக்கும். கையில் காசு குறையும் அந்நாட்களில்தான், ஆவணி, புரட்டாசியில் கொல்லைப்புறத்தில் போட்ட பனங்கொட்டைப் பாத்தியின் மீது வீட்டாரின் கண் விழுகிறது. அவசரப்பட்டுத் தோண்டினால் நட்டமே. கிழங்குக்குச் சேர வேண்டிய உணவு அப்போது இன்னும் கொட்டைக்குள்ளேயே இருக்கிறது.

முளை மண்ணுக்குள் இறங்கிய பின், கொட்டையினுள் தவுன் என்னும் பஞ்சு போன்ற வெண்பகுதி வளர்கிறது. அது பருப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து, அச்சத்தைக் கீழே அனுப்பக் கிழங்கு திரளுகிறது. தவுன் இனிப்பானது; அதற்காகவே கொட்டையை வெட்டித் தின்னும் சிறுவர்களிடமிருந்து பாத்தியைக் காப்பது எளிதன்று!

மூன்று மாதம் சென்றபின் ஓரத்தில் ஒன்றும் நடுவில் ஒன்றுமாகத் தோண்டிப் பார்த்தல் வேண்டும். கொட்டையைப் பிளந்து பார்க்கையில் பருப்புப் பெரும்பாலும் கரைந்திருந்து, கிழங்கும் தடித்து மாவுப்பற்றுடன் ஒடியுமாயின் அதுவே பதம். மார்கழிக் கடைசியிலோ தைப் பிறப்பிலோ இது வாய்க்கும். பொங்கற் சந்தையும் அப்போதுதான் கூடுகிறது. மண்ணுக்கு மேல் குருத்தோலை விரிந்து விட்டால் காலம் கடந்ததென்று கொள்க. சத்து ஓலைக்குப் போய்விடக் கிழங்கில் நார் மிகும்.

கரிசல் மண் இறுகுவதால் கிழங்கு நேராக இறங்காது. மணலோ செம்மண்ணோ கொணர்ந்து மேடாகப் பாத்தி அமைப்பதே நன்று. தோண்டும்போது ஒரு பக்கத்தைச் சரித்து எடுத்தால் கிழங்கு ஒடியாது. விற்றது போக மிஞ்சியதை அவித்து உலர்த்தி வைக்கலாம். யாழ்ப்பாணத்தார் இதனைப் புழுக்கொடியல் என்பர்.