கிறிஸ்தவப் பாலர் பள்ளியில் சமயப் பாடம்

மும்பை, தில்லி, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தார் பலர் தம் குழந்தைகளை அருகிலுள்ள கிறிஸ்தவப் பள்ளியிற் சேர்க்கின்றனர். சேர்ந்த சில நாட்களுக்குள் குழந்தை பாடவேளை அட்டவணையை எழுதிக்கொண்டு வருகிறது. கத்தோலிக்கப் பள்ளியாயின், அதில் ஒரே வேளைக்கு இரண்டு பெயர்கள் இருப்பதைப் பெரும்பாலும் காணலாம். ஒன்று ஞானோபதேசம், மற்றொன்று நீதிபோதனை. முன்னது கத்தோலிக்கக் குழந்தைகளுக்கு, பின்னது ஏனையோருக்கு. இவ்வேளையில் நடப்பது யாது, பெற்றோருக்கு அதில் என்ன உரிமை உண்டு என்பவற்றை அறியாமலே பலர் ஆண்டுகளைக் கழித்துவிடுகின்றனர். ஆதலின் அவற்றை இங்கே சற்று ஆராய்வோம்.

குழந்தைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பது தமிழுக்குப் புதிதன்று. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், சிலர் துணையுடன் செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள் கொண்ட ஒரு ஞானோபதேச நூல். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்நாட்டில் அச்சேறிய முதல் நூலும் அதுவே. மறு ஆண்டில் கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’ குருவும் சீடனும் உரையாடும் முறையில் வினாவும் விடையுமாக அமைந்தது. குரு வினவுவார், சீடன் மனப்பாடமான விடையை ஒப்பிப்பான். இம்முறை நெடுங்காலம் நிலைத்தது. பொருள் விளங்காமலே விடைகளை ஒப்பித்த தலைமுறையினர் நம்மிடையே இன்றும் உளர்.

இக்காலத்து ஆசிரியைகள் பெரும்பாலும் கதையிலிருந்து தொடங்குகின்றனர். ஆறு வயதுக் குழந்தைக்கு ‘மீட்பு’ என்ற சொல் ஒன்றையும் உணர்த்தாது. காணாமற்போன ஆட்டின் கதை உணர்த்தும். நூறு ஆடுகளில் ஒன்று வழிதவற, மேய்ப்பன் ஏனையவற்றை விட்டு அதனைத் தேடிச் செல்லும் கதை அது. ஆனால் மும்பை போன்ற நகரத்துக் குழந்தை மேய்ப்பனைக் கண்டதேது? நாம் பார்த்த ஒரு வகுப்பில் ஆசிரியை ஆட்டைச் சற்று ஒதுக்கிவிட்டு, “ரயில் நிலையக் கூட்டத்தில் அம்மாவின் கை விட்டுப்போனால் எப்படியிருக்கும்?” என்று கேட்டார். வகுப்பு முழுவதும் அடங்கிப் போயிற்று. ஒவ்வொரு குழந்தைக்கும் சொல்ல ஓர் அனுபவம் இருந்தது. அதன் பின்னரே ஆடும் மேய்ப்பனும் வந்தனர். செபமும் வினாவிடையும் அதற்குப் பின் வரத்தக்கவை. ஏழெட்டு வயதளவில் கத்தோலிக்கக் குழந்தைகள் புதுநன்மை வாங்க ஆயத்தமாவதால், மூன்றாம் வகுப்பை ஒட்டி மனப்பாடம் சற்று மிகுவது இயல்பு.

நீதிபோதனை வகுப்பில் உண்மை பேசுதல், பகிர்ந்துண்ணல், முதியோரைப் பேணல் போன்றவை கதைகளாகச் சொல்லப்படுகின்றன. ஆசிரியர் ஆர்வமுள்ளவராயின் அது நல்ல வகுப்பு. அல்லாவிடில் விட்டுப்போன கணக்கை முடிக்கும் வேளை.

நம் கருத்தில், இவ்விரு வகுப்புகளிலும் நடப்பதைவிட, அவற்றிற்குக் குழந்தைகள் பிரிந்து செல்லும் அந்த இரண்டு நிமிடமே கவனிக்கத்தக்கது. ஒரே பலகையில் அமர்ந்திருந்த இருவரில் ஒருவன் எழுந்து அடுத்த அறைக்குப் போகிறான். “அவன் ஏன் போகிறான்?” என்ற வினா அப்பொழுதுதான் பிறக்கிறது. தன் தோழன் வேறு சமயத்தவன் என்பதைக் குழந்தை முதன்முதலில் அறிவது அவ்விடத்திலாகவும் இருக்கலாம். அவ்வேளையில் ஆசிரியர் சொல்லும் ஒரு சொல், அல்லது சொல்லாமல் விடும் ஒரு சொல், நெடுநாள் தங்கிவிடும். “நீ அங்கே போ, இது உனக்கில்லை” என்று விரட்டுவது ஒரு முறை. “அவர்கள் வீட்டில் ஒரு வகையாகக் கும்பிடுவார்கள், உங்கள் வீட்டில் ஒரு வகையாக, கும்பிட்டு முடித்ததும் எல்லோரும் சேர்ந்து விளையாடுவோம்” என்பது மற்றொரு முறை. பிரிவு வேளையை நாளின் நடுவில் வைக்காது முதலிலோ கடைசியிலோ வைத்தால் இவ்வுறுத்தல் பெரிதும் குறையும்.

இனி, சட்டத்தின் நிலையைக் காண்போம். சமயச் சிறுபான்மையினரும் மொழிச் சிறுபான்மையினரும் தாம் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு அளிக்கிறது. ஆகவே கிறிஸ்தவப் பள்ளியில் கிறிஸ்தவ சமயம் கற்பிக்கப்படுவதில் தவறில்லை. எனினும் 28-ஆம் பிரிவு அதற்கு ஓர் எல்லை வகுத்துள்ளது. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில் எவரையும் அவர் சம்மதமின்றிச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளுமாறு கட்டாயப்படுத்தலாகாது. குழந்தையாயின் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். இவ்விதி குழந்தை எச்சமயத்தைச் சேர்ந்தது என்று கேட்பதில்லை என்பதை நேயர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கும் தென்னிந்தியத் திருச்சபைக் குழந்தைக்கும் இது பொருந்தும். சேர்க்கைப் படிவத்தில் இதற்கென இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இல்லையேல் தலைமையாசிரியரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். படிவம் தமக்குத் தெரியாத மொழியில் இருப்பதால் படியாமலே கையொப்பமிடுவது, ஊர்விட்டு வந்த நம்மவரிடம் காணப்படும் ஒரு வழக்கம். பள்ளி இடம் தந்ததே பெரிது என்ற எண்ணம் வேறு.

சமயப் போதனை வேறு, சமயங்களைப் பற்றிய அறிவு வேறு என்பதை 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு எடுத்துரைத்தது. 2002-இல் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் இவ்வேற்றுமையை ஏற்றது. கிறிஸ்துமஸ் ஏன் கொண்டாடப்படுகிறது என்று சொல்லிக் கொடுப்பது அறிவு. முழந்தாளிட்டுச் செபிக்கச் செய்வது போதனை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையும், பிற சமய மாணவர்மீது கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்கலாகாது என்று 2024-இல் தன் பள்ளிகளுக்கு வழங்கிய வழிகாட்டுதல்களில் கூறியது.

தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. பள்ளியில் குழந்தை செபங்களை ஆங்கிலத்தில் கற்கிறது. விடுமுறைக்குத் தூத்துக்குடியிலிருந்து பாட்டி வருகிறார். மாலையில் விளக்கேற்றி அவர் செபம் தொடங்கினால் பேரன் வாய் திறவாது நிற்கிறான். பாட்டிக்கு அது பரலோக மந்திரம். அண்டை வீட்டுப் புரொட்டஸ்டண்டு அம்மையாருக்கு அதுவே பரமண்டல ஜெபம். பேரனுக்கோ அது பள்ளியில் மதிப்பெண் வாங்கித் தந்த ஓர் ஆங்கிலப் பாடம். வீட்டுக் கடவுளும் பள்ளிக் கடவுளும் வேறு வேறு போலும் என்று அவன் எண்ணினால் வியப்பதற்கில்லை. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் கத்தோலிக்க வழிபாட்டில் தாய்மொழிக்கு இடந்தந்தது. அவ்விடத்தைப் பாலர் வகுப்பிலும் கேட்டுப் பெறலாம்.

நாம் முன்னர்க் குறிப்பிட்ட வகுப்பிலேயே ஒரு நாள், ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டில் சொல்லும் செபத்தைச் சொல்லலாம் என்றார் ஆசிரியை. ஒருத்தி கொங்கணியில் சொன்னாள். ஒருவன் மலையாளத்தில் சொன்னான். பின்வரிசையில் இருந்த தமிழ்ச் சிறுவன் பாட்டியிடம் கற்றதைத் தடுமாறித் தடுமாறித் தொடங்கி, நடுவில் ஓரடியை மறந்து, மீண்டும் முதலிலிருந்து சொன்னான். ஆசிரியைக்குத் தமிழ் தெரியாது. அவன் முடிக்கும்வரை அவர் கைகூப்பி நின்றார்.