தேய்ந்த ரேகையும் மறுக்கப்பட்ட அரிசியும்

தறியில் அறுந்த இழையை முடிந்தும், வயலில் களை பறித்தும் தேய்ந்துபோன விரல்களை நியாய விலைக் கடையின் கருவி அறிந்துகொள்வதில்லை. அதன்பொருட்டு வெறும் பையோடு திரும்பும் அங்கத்தினர்களை நாம் அறிவோம். ரேகை பதியாமை அவர்கள் செய்த குற்றமன்று. அக்காரணத்துக்காகத் தகுதியுள்ள குடும்பத்துக்குத் தானியம் மறுக்கலாகாது என்று மத்திய அரசு 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

கடைக்காரரோடு வாதாடிப் பயனில்லை. பெரும்பாலும் அவரும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் ஊழியரே. அட்டை எண், மறுக்கப்பட்ட தேதி, சொல்லப்பட்ட காரணம் மூன்றையும் எழுதி, வட்ட வழங்கல் அலுவலரிடம் மனுக் கொடுத்து அத்தாட்சி பெறுதல் வேண்டும். அட்டையிலிருந்து பெயர் நீக்கப்பட்டிருப்பின், எந்த உத்தரவின்படி என எழுத்து மூலம் கேட்க வேண்டும். இறந்தவர் பெயரை நீக்கப் போய் இருப்பவர் பெயரை நீக்கிவிடுவதும் உண்டு!

அங்கும் தீராவிடில், முன்னுரிமை, அந்தியோதயா அட்டைதாரர்களுக்கு 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வழி வகுத்துள்ளது. 15-ஆம் பிரிவின்படி மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலரிடம் முறையிடலாம்; அவர் முடிவின் மேல் மாநில உணவு ஆணையத்தை அணுகலாம். அவர் பரிந்துரைத்த நிவாரணத்தைத் தக்க காரணமின்றி அளிக்கத் தவறும் அரசு ஊழியருக்கு ஆணையம் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

எழுத இயலாதோர் சங்க அலுவலகத்துக்கு வருக. காகிதமும் பேனாவும் நம்மிடம் உண்டு.