இரண்டும் இரண்டும் சேர்ந்தால் எத்தனை ரூபாய்?

"காசு கேக்காத வரைக்கும் அருமையான கேமுங்க" என்றார் திருச்செங்கோட்டுப் பெண்மணி ஒருவர். வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு வடக்கே போர் போடப் போயிருக்கிறார், திரும்ப மாதக்கணக்காகும். குழந்தைகள் தூங்கிய பிறகு இவருக்குத் துணை 'மெர்ஜ்' விளையாட்டுதான். ஒரே மாதிரியான இரண்டு பொருள்களைச் சேர்த்தால் அடுத்த நிலைப் பொருள் வரும். விளையாட்டு கேட்கும் பொருளைச் செய்து கொடுத்தால் பாழடைந்த வீட்டில் ஒரு மூலை சுத்தமாகும், தோட்டம் துளிர்க்கும். பின்லாந்தின் மெட்டாகோர் நிறுவனம் 2020இல் கொண்டுவந்த 'மெர்ஜ் மேன்ஷன்' இந்த வகையில் பெயர்பெற்றது.

"மொத வாரம் சரசரன்னு போச்சுங்க. இப்ப எனர்ஜி நிக்கவே மாட்டேங்குது." பலரும் சொல்லும் குறை இது. பிரமையல்ல, கணக்கு.

ஒவ்வொரு நிலைக்கும் தேவை இரட்டிப்பாகிறது. 5ஆம் நிலைப் பொருளுக்கு 16 அடிப்படைத் துண்டுகள் போதும். 10ஆம் நிலைக்கு 512. 12ஆம் நிலைக்கு 2,048. திரையைத் தட்டி ஒரு துண்டு எடுக்க ஒரு எனர்ஜி செலவு, இரண்டு நிமிடத்துக்கு ஒன்று ஊறும், 100 வரைதான் சேரும் என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பு 100 போக, 10ஆம் நிலைக்கு ஏறக்குறைய 14 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 12ஆம் நிலைக்கு 65 மணி நேரம். அதுவும் தட்டும்போதெல்லாம் வேண்டிய பொருளே வந்தால்! அது வருவதில்லை. எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்காகப் புறாக்கள் சளைக்காமல் கொத்திக்கொண்டே இருந்ததை ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இலேயே விரிவாக எழுதிவிட்டார்கள்.

அந்த 100 என்ற வரம்பில்தான் சூட்சுமம். 200 நிமிடத்தில் தொட்டி நிரம்பிவிடும், அதன்பின் ஊறாது. போனைத் திறக்காத ஒவ்வொரு நிமிடமும் இழப்பாகத் தோன்றும். காத்திருக்கப் பொறுமையில்லாத அந்த நேரத்தில் 'எனர்ஜி வாங்கு' என்ற பொத்தான் வருகிறது.

பாதி முடிந்த வீடும் சும்மா விடாது, முடிக்கச் சொல்லி இழுக்கும். அமெரிக்காவில் கார் கழுவும் கடையொன்றில் நூனஸ், ட்ரேஸ் என்ற ஆய்வாளர்கள் இரண்டு வகைச் சலுகை அட்டை கொடுத்துப் பார்த்தார்கள். 8 முத்திரை வேண்டிய வெற்று அட்டையை 19 சதவீதத்தினர் நிறைவு செய்தார்கள். 10 முத்திரை வேண்டிய அட்டையில் 2 முத்திரையை முன்கூட்டியே குத்திக் கொடுத்தபோது 34 சதவீதத்தினர். உழைப்பு இரண்டிலும் ஒன்றே. 2006இல் வெளியான முடிவு இது.

பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை தமிழக அரசு 2025இல் தடை போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவற்றை அடியோடு தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மெர்ஜ் விளையாட்டில் பணப்பரிசு இல்லை. ஆகவே அந்தத் தடைகள் இரண்டும் அதைத் தொடவில்லை. சூதாட்டம் அல்ல என்பது சரிதான். ஆனால், ஒரு பொருளுக்கு எத்தனை துண்டு, எத்தனை மணி நேரம், காசு கொடுத்தால் மொத்தம் எவ்வளவு என்பதைத் திரையிலேயே எழுதச் சொல்ல என்ன தடை? முழு விளையாட்டுக்கும் ஒரே விலை வைத்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. முதலில் தடையை வைத்து, பிறகு அதை நீக்கக் காசு கேட்பது நியாயமான வியாபாரம் ஆகாது.

நுகர்வோரை ஏய்க்கும் 13 உத்திகளை 2023 நவம்பரில் மத்திய அரசு பட்டியலிட்டது. பொய்யான அவசரம் காட்டுவதும் அதில் உண்டு. அப்படி ஏதும் கண்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். வீட்டில் குழந்தைகள் தொடும் போன் என்றால், பிளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி இன்றே மாற்றிவிடுங்கள்.